என்ன மாவு என்று கேட்டீர்களே, சம்பந்தி

ராசாம்பாளையம்,
மோகனூர் வழி.
ரக்தாட்சி வருஷம், மார்கழி 24, செவ்வாய்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி ஜானகியம்மாள் அவர்களுக்கு, ராசாம்பாளையம் சென்னியம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் மகன் செங்கோட்டையனும் எருமைகள் இரண்டும் சுகம். அங்கு பேத்தி பூங்கொடியின் வயிறு எப்படி இருக்கிறது என்பதை முதலிலும், மற்றவர்களின் சுகத்தை அதற்குப் பின்னாலும் எழுதவும்.

போன ஆடிப் பதினெட்டு, வியாழக்கிழமை, மோகனூர் ஆற்று மணலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான். என் மகன் செங்கோட்டையன். உங்கள் மகளும் என் மருமகளும் ஆகிய சௌந்திரம். அஞ்சு வயசுப் பேத்தி பூங்கொடி. நீங்கள். உங்கள் ஊட்டுக்காரர், அவர் பேரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. என் ஓரகத்தி ஆத்தாயி. வண்டி ஓட்டி வந்த பக்கத்து ஊட்டு அப்புசாமி. ஆக மொத்தம் எட்டுப் பேர். நோம்பிக்கு வந்த மற்ற ஜனம் ஆயிரம் பேர் இருக்கும், அவர்கள் காதிலும் விழுந்துதான் இருக்கும், என் குரல் அப்படி.

நான் மூணாவது வரைக்கும் படித்தவள். இந்தக் காயிதத்தைச் செங்கோட்டையனை விட்டு எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அவங்கப்பனை மாதிரி. நான் பத்துச் சொன்னால் அதில் நல்லதாக இருக்கிற ரெண்டை மட்டும் எழுதிவிட்டு மடித்து வைத்துவிடுவான். இந்தக் காயிதத்தில் நல்லது கம்மி. அதனால் நானே எழுதுகிறேன், மூணு நாளாக எழுதுகிறேன். எழுத்து வரிசை தப்பிப் போனால் தெக்கே இருந்து வடக்கே படித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

குழந்தைக்கு வந்த சீக்கைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் ஆரம்பத்தில் இருந்து சொன்னால்தான் எனக்கு வரும். கையும் காலும் வத்தி, வவுறு மட்டும் ஊதி, தின்னதெல்லாம் தண்ணியாப் போய், ரெண்டு வருசம் நாங்க பூச்சி மருந்து குடுத்தோம், மாந்தம்னு சுட்டோம், கண்ணேறுன்னு மொளகா சுத்திப் போட்டோம். கடைசியிலே மெட்ராசுல ஒரு டாக்டரு கொழந்தை வாயில கொழாயை உட்டு, கொடல்ல இருந்து துளியூண்டு கிள்ளி எடுத்துப் பாத்து, இதுக்குச் சீலியாக்குன்னு பேரு, கோதுமை ஆகாது, ரவை ஆகாது, மைதா ஆகாது, பார்லி ஆகாது, ஒரு துணுக்கு உள்ள போனாலும் கொடலு புண்ணாயிரும், இது சாகற வரைக்கும் அப்படித்தான், மருந்து கெடையாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டை வாங்கிட்டு வந்து சௌந்திரம் அழுவுறா. நான் சிரிச்சேன். கோதுமை ஆகாட்டி என்ன, நாம என்ன கோதுமை தின்னா வளந்தோம், சோறு இருக்குது, ராயிக் களி இருக்குது, கம்மஞ்சோறு இருக்குது, இதுக்குப் போயி அழுவாளான்னு கேட்டேன். அந்தச் சிரிப்பு இன்னிக்கும் என் காதுல கேக்குது. நல்லாவே இல்லை.

அன்னியில இருந்து கோதுமையைப் புடிக்க நான் கிளம்பினேன். ரவை டப்பாவைத் தூக்கி ஆத்தாயி ஊட்டுக்குக் குடுத்தேன். சேமியாவையும் குடுத்தேன். நீங்க தெம்புக்குன்னு சொல்லி வாங்கியாந்த அந்த மாவுப் பாட்டில் இருக்குதே, பால்ல கலக்கறது, அதுல ஒரு கதிர் படம் போட்டிருந்துச்சு. எங்களுக்கு இங்கிலீசு தெரியாட்டியும் கதிர் தெரியும். சோளக் கதிர் அல்ல, கம்பங்கதிர் அல்ல, நெல்லும் அல்ல. செங்கோட்டையன் படிச்சுப் பாத்துப் பார்லின்னான். அத்தனையும் எருமைத் தொட்டியில கொட்டினேன். நீங்க கொழந்தைக்கு விசம் வாங்கியாந்தீங்கன்னு அன்னிக்கே ஊரெல்லாம் சொன்னேன். நீங்க வாங்கியாந்தது டாக்டரு சீட்டு எழுதறதுக்கு ரெண்டு மாசம் முந்திங்கறதை மட்டும் சொல்லலை.

மாரியம்மன் கோயில்ல பொங்கலுக்குப் பதிலாக் கேசரி குடுத்தாங்க. கொழந்தை வாயில போட்டுட்டுது. நான் வெரலை உட்டு வெளிய எடுத்தேன். சாமி பிரசாதத்தைத் துப்ப வெச்சவளாம்னு பூசாரி மூணு மாசம் எனக்குத் துந்நூறு குடுக்கலை. போகட்டும். மாவு மில்லுல கோதுமை அரைச்ச கல்லுலயே நம்ம ராயியும் அரைக்கறாங்கன்னு எனக்கு ஒரு நாள் தோணுச்சு. டாக்டரு சொல்லலை, நானாக் கண்டுபுடிச்சேன், அதை மட்டும் நீங்க எழுதி வெச்சுக்கோணும். அன்னியில இருந்து எங்க ராயிக்கு முன்னால ரெண்டு படி அரிசியை ஓட்டி, அந்த மாவை எருமைக்குப் போட்டுட்டு, அப்பறந்தான் ராயியை ஓட்டச் சொல்லுவேன். மில்லுக்காரன், ஏனுங்காத்தா கல்லுக்குப் பல்லு வெளக்கி உடறீங்களாங்கறான். வெளக்குடான்னேன்.

இத்தனையும் பண்ணியும் கொழந்தைக்கு வவுறு அடங்கலை. பத்து நாள் நல்லா இருக்கும், பதினோராம் நாள் பானையாட்ட ஊதும். ஊட்டுல கோதுமைங்கற பேரே இல்லை. அப்படீன்னா யாரோ ஒருத்தர் எனக்குத் தெரியாமக் குடுக்கறாங்க. யாரு குடுப்பாங்க? அஸ்தம்பட்டியில ரொட்டிக் கடைக்கு எதுத்தாப்பல குடியிருக்கறவங்கதான் குடுப்பாங்கன்னு நான் முடிவு கட்டிட்டேன். மாசத்துக்கு ஒருக்கா நீங்க வந்து போவீங்க. நீங்க போன பொறவு கொழந்தைக்கு வலிச்சுதான்னு நான் கணக்காப் பாத்து வெச்சிருந்தேன். நீங்க வராத மாசத்துலயும் வலிச்சுது, அதை மட்டும் கணக்குல சேத்தலை.

இனி எழுதறதுதான் எனக்குக் கஷ்டமானது. கொழந்தைக்கு வவுத்து வலின்னா நம்ம பக்கத்துல என்ன குடுப்போம்? பெருங்காயத்தைச் சட்டியில பொரிச்சு, நுணுக்கி, மோருல கரைச்சுக் குடுப்போம். எங்கம்மா எனக்குக் குடுத்தா, நான் செங்கோட்டையனுக்குக் குடுத்தேன். பூங்கொடி, அப்பத்தா வலிக்குதுங்கும். நான் அந்த மஞ்ச டப்பாவை எடுப்பேன். காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. வலி சாஸ்தியானா மருந்தையும் சாஸ்தி பண்ணினேன். நான் குடுக்கக் குடுக்க அதுக்கு வலிச்சுது, அதுக்கு வலிக்க வலிக்க நான் குடுத்தேன். அதுவும் அழுவாமக் குடிக்கும். என் கையில குடுத்தா எதையுமே அது அழுவாமக் குடிக்கும், அதுதான் எனக்குப் பெருமை.

ஆடிப் பதினெட்டுக்கு வாரேன். வெளிப் பண்டம் ஒண்ணும் கொழந்தை வாயில போகக் கூடாதுன்னு நானே வெடியறதுக்குள்ள எந்திரிச்சுப் புளிச்சோறு கிண்டினேன். பெருங்காயம் தூக்கலாப் போட்டேன், ஆத்துக் காத்துக்கு வவுறு மந்தம் தட்டாம இருக்கட்டும்னு. டப்பாவையும் மோர் செம்பையும் கையோட எடுத்துக்கிட்டேன். மணல்ல எலை போட்டுப் பரிமாறினப்ப நீங்க ஒரு வாய் தின்னுபோட்டுக் கேட்டீங்க.

"ஏனுங்க சம்பந்தி, பெருங்காய வாசம் தூக்கலா இருக்குதுங்களே. டப்பாவுல என்னென்ன சேத்தியிருக்குதுன்னு பாத்தீங்களா?"

செங்கோட்டையன் டப்பாவைத் திருப்பிப் படிச்சான். "பெருங்காயம், கோந்து, எண்ணெய், மாவு."

"என்ன மாவுங்க மாப்பிள்ளை?"

"அது போடலீங்களே அத்தை."

அப்ப நான் பேசினேன். "ஏனுங்க சம்பந்தி, சேலம் ஜில்லாவுல பொறந்துபோட்டு மாவுன்னா என்ன மாவுன்னு கேக்கறீங்களே. ஊரைச் சுத்தி ஜவ்வரிசி ஆலையும் மாவு ஆலையும் எதுக்கு வெச்சிருக்குது? லாரி லாரியாக் கெழங்கு மாவு போறது உங்க கண்ணுல படலீங்களா? ரொட்டி தின்னு தின்னு மரவள்ளிக் கெழங்கு மறந்து போச்சாட்ட இருக்குது."

ஆத்தாயி சிரிச்சா. அப்புசாமி சிரிச்சு அவனுக்குப் பொரை ஏறிப் போச்சு. நீங்க, "தெரியாமத்தான கேட்டனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு சொல்லிட்டு எலையை மடிச்சிட்டீங்க. பாதிச் சோறு எலையில இருந்துச்சு. எங்க பக்கத்துல வெள்ளையா எதைக் கண்டாலும் கெழங்கு மாவுன்னுதான் வாயில வரும். கஞ்சி போடறதுக்கும் அதுதான், களத்துல கண்ணு கூசக் காயப் போட்டிருக்கறதும் அதுதான். மாவுன்னா வேற மாவும் இருக்குதுன்னு எனக்குத் தோணவே இல்லை. அந்த எட்டுப் பேர்ல உங்க ஒருத்தருக்குத்தான் தோணுச்சு. உங்களைப் பாத்து மத்தவங்களைச் சிரிக்க வெச்சு, நான் உங்க வாயை அடைச்சுப் போட்டேன்.

கொழந்தை ரெண்டு தரம் புளிச்சோறு வாங்கித் தின்னுச்சு. பொழுது சாயறதுக்குள்ள மூஞ்சி வெளுத்து, மணல்ல சுருண்டு படுத்துக்கிட்டுது. நான் மோருல பெருங்காயம் கரைச்சுக் குடுத்தேன். வாந்தி எடுத்துச்சு. இன்னொருக்கா குடுத்தேன். மறுபடியும் எடுத்துச்சு. எனக்குக் கையும் காலும் ஓடலை. ஓடாதபோது நான் என்ன பண்ணுவேன்னு எல்லாத்துக்கும் தெரியும், யாரையாவது புடிச்சுக்குவேன். உங்க ஒயர் கூடையைத் தூக்கி மணல்ல கவுத்தினேன். ஒரு சீலை, சீப்பு, வெத்தலைப் பொட்டி, மாத்திரை டப்பா. அதுகூட ஒரு பிஸ்கோத்துப் பாக்கெட்டு. பிரிச்சுப் பாதி காலியான பாக்கெட்டு.

"நான் குடுக்கலீங்க சம்பந்தி"ன்னு நீங்க ஒரே ஒரு தரம் சொன்னீங்க.

"பின்ன இது யாருது?"ன்னு நான் கேட்டேன்.

நீங்க குனிஞ்சு சீப்பை எடுத்து மணலைத் தட்டினீங்க. நான் சொன்னேன், "பேத்தி செத்தாலும் பரவால்ல, அதை எங்ககிட்ட இருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போகோணும், அதுதானே உங்களுக்கு வேணும்"னு. ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கறேன். ஊர்ல அடுத்தவ பேசினதையெல்லாம் வருசக் கணக்கா ஞாபகம் வெச்சிருக்கறவ, தான் பேசினதை மட்டும் மறந்துட்டேன்னு சொன்னா அது நாயமில்லை.

சௌந்திரம் கொழந்தையைத் தோள்ல போட்டா. "அத்தை, போதும்"னா. கலியாணம் ஆகி எட்டு வருசத்துல அவ என்னைப் பாத்துப் போதும்னு சொன்னது அன்னிக்குத்தான். நீங்க நாலு பேரும் மேடேறி நாமக்கல் பஸ்ஸுக்கு நடந்தீங்க. கொழந்தை தோள்ல இருந்து என்னையவே பாத்துக்கிட்டுப் போச்சு. செங்கோட்டையன் உங்களுக்கும் எனக்கும் நடுவுல நட்டு வெச்ச கல்லாட்ட நின்னான். நான் மிச்சப் புளிச்சோத்தை ஆத்துல கொட்டினேன். அதுலயும் ஒரு வீம்பு, காக்காய்க்குக் கூடப் போடலை.

அப்பறம் அஞ்சு மாசம் ஆச்சு. செங்கோட்டையன் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அஸ்தம்பட்டி வந்து போறான். வந்து சொல்றான், கொழந்தை தேறியிருக்குதுங்கறான். ஏற்காட்டுக் காத்துப் படுதுல்ல, அதனாலதான்னேன். அடுத்த தரம் வந்து ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்குதுங்கறான். உங்க தராசு சரியில்லைன்னேன். அப்பறம் வந்து, ரெண்டு மாசமா வாந்தியே இல்லைம்மா, பசங்களோட ஓடிப் புடிச்சு வெளையாடுதுன்னான். நான் எந்திரிச்சுப் போய் எருமைக்குத் தண்ணி காட்டினேன். சந்தோசமா இருந்துச்சு, உங்க ஊட்டுல போயித் தேறுதேன்னு வெசனமாவும் இருந்துச்சு. எது சாஸ்தின்னு எழுத மாட்டேன்.

கார்த்திகை மாசம் வந்தவன், சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொல்றான், "எல்லாம் சரிம்மா, அத்தை வெக்கற ரசம் மட்டும் எறங்க மாட்டேங்குது. பெருங்காயமே போடறதில்லை. ஆத்துல இருந்து வந்த மறுநாளே டப்பாவைத் தூக்கி வெளிய வெச்சுட்டாங்களாம்."

நான் மொதல்ல சிரிச்சேன். பெருங்காயம் இல்லாத ரசமாம்னேன். அப்பறம் கையில இருந்த கரண்டியை எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியலை.

சனிக்கெழமை ஆனா நாமக்கல்ல இருந்து வெள்ளியங்கிரின்னு ஒரு ஏஜண்டு சைக்கிள்ல பெருங்காய டப்பா கொண்டாருவான். பதினாலு வருசமா அவன்கிட்டத்தான் வாங்கறேன். அன்னிக்கு அவனை உக்காரச் சொல்லி மோர் குடுத்துக் கேட்டேன், "ஏஞ்சாமி, இதுல மாவு கலக்கறாங்களாமே, என்ன மாவு?"

அவன் நான் கொறை சொல்றேன்னு நெனச்சுக்கிட்டான். "நம்ம கம்பேனியில கலப்படமே கெடையாதுங்காத்தா. மொதல் தர மைதா."

"கெழங்கு மாவு இல்லியா?"

"அதெல்லாம் சேத்தக் கூடாதுங்க. வெறும் பெருங்காயத்தை அப்படியே போட்டாக் காரம் தாங்காது, ஏதாச்சும் மாவு கலக்கோணும். நாங்க போடறது மைதாதானுங்க, கால்வாசிக்கு மேல அதுதான். ஏனுங்காத்தா, உங்களுக்கு ஒடம்பு சொகமில்லீங்களா?"

அவன் மேல குத்தமில்லை. அவன் நெசத்தைச் சொல்லித்தான் வித்திருப்பான், பதினாலு வருசத்துல ஒருக்காக் கேட்டிருந்தா. டாக்டரு சீட்டுல மைதா ரெண்டாவதோ மூணாவதோ இருக்குது, செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறேன், அதுக்கு நேரா கீழ அந்த டப்பாவை வெச்சிருந்தேன். நான் புடிக்கப் போன கோதுமை மில்லுல இல்லை, கோயில்ல இல்லை, உங்க ஒயர் கூடையில இல்லை. என் கையில இருந்துச்சு. மோருல கரைச்சு, சாமி கண்ணு ஒரே மொடக்குல குடிச்சுப்போடுன்னு நான்தான் குடுத்தேன்.

இதை நான் செங்கோட்டையன்கிட்டக் கூடச் சொல்லாம மூணு வாரம் வெச்சிருந்தேன். ஆத்தாயிதான், என்னக்கா மூஞ்சி செத்துக் கெடக்குதுன்னு கேட்டா. ஒண்ணுமில்லைன்னேன். நான் ஒருத்தர் மேல தப்பு இருந்தா வருசக் கணக்கா வெச்சிருப்பேன், எனக்கு அது பாரமே இல்லை. ஆனா என் மேல இருக்கற தப்பை மூணு வாரத்துக்கு மேல வெக்க முடியலை. நீங்க அன்னிக்குக் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் பேசினது தப்பு. கூடையைக் கவுத்தினது தப்பு. அந்தப் பிஸ்கோத்து கொழந்தைக்கு இல்லைங்கறது தெரிஞ்சு போச்சு, யாருதுன்னு நான் இப்பக் கேக்கலை. என்னை மன்னிச்சுக்கோணும்.

வெறும் மன்னிப்புக் கேட்டா நல்லா இருக்காதுன்னு எங்கிட்ட இருந்தும் சிலதைத் தள்ளுபடி பண்ணறேன். கலியாணத்தன்னிக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரியான என்னைய ரெண்டாம் பந்தியில, தூணுக்குப் பின்னால, வடையில்லாத எலையில உக்கார வெச்சீங்களே, அதை இன்னியோட உட்டுட்டேன். சீருக்கு வந்த சீலையில முந்தி ஒரு சாண் கொறைஞ்சுது, உட்டுட்டேன். எழுபத்தெட்டாம் வருசம் மாசி மாசம் எங்க ஊட்டுக் காப்பியைக் குடிச்சுப்போட்டு, சுடுதண்ணி நல்லா இருக்குதுங்கன்னு சொன்னீங்களே, அதைக் கூட உட்டுட்டேன். சௌந்திரம் மாசமா இருந்தப்ப நான் குடுத்தனுப்பின அதிரசத்தை உங்க ஊட்டு நாய் தின்னதாகக் கேள்விப்பட்டேன், அதை உடறதுக்கு மட்டும் ஒரு வாரம் ஆகும், இருந்தாலும் உட்டுட்டதாவே வெச்சுக்குங்க. இனி உங்க மேல எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. சொன்னா நம்ப மாட்டீங்க, வெறிச்சுன்னு இருக்குது.

இப்பக் கேக்க வந்ததைக் கேட்டுடறேன். வர்ற திங்கக்கெழமை பொங்கல். சௌந்திரத்தையும் கொழந்தையையும் அனுப்பி உடோணும், நீங்களும் கூட வரோணும். டப்பாவைக் குப்பைக் குழியில பொதைச்சுட்டேன். பெருங்காயம் பட்ட சட்டி, கரண்டி, அஞ்சறைப் பொட்டி எல்லாத்தையும் ஒதுக்கிட்டுப் புதுசு வாங்கியிருக்கறேன். மஞ்சளும் மொளகாயும் ஊட்டுலயே இடிச்சாச்சு. எங்க ஊட்டுல இனி ஒரு துணுக்கு கோதுமை கெடையாது, இதை நான் எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சூடம் அணைச்சுச் சொல்லுவேன்.  செங்கோட்டையனுக்குப் பொண்டாட்டி புள்ளை வேணும். எனக்கும் கொழந்தை வேணும். அது தோள்ல இருந்து பாத்துக்கிட்டே போனதை நான் மாத்திப் பாக்கோணும்.

உங்க மஞ்சளும் குங்குமமும் நெலைச்சிருக்கட்டும். சௌந்திரம் நல்லா இருக்கட்டும். பூங்கொடிக்கு ஆயுசும், தின்னது ஒட்டற ஒடம்பும் காவேரியாத்தா குடுக்கட்டும். அதோட கன்னத்தை என் பேரைச் சொல்லித் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குங்க.

இப்படிக்கு,
சென்னியம்மாள்

பின்குறிப்பு. இந்தக் கவர் ஒட்டாம, நூல் போட்டுத் தெச்சு வந்திருக்கும், கோவிச்சுக்காதீங்க. எழுதி முடிச்சு ஒட்டறதுக்குப் பசை வேணும்னு அப்புசாமி ஊட்டுக்குப் போனேன். அவன் டெண்டுக் கொட்டாய்க்குப் போஸ்டரு ஒட்டறவன், கொட்டாங்கச்சி நெறையப் பசை குடுத்தான். நான் பாட்டுக்கு வாங்கிட்டு வந்தேன், பாதி வழியில நின்னு திரும்பிப் போயி, என்ன மாவுல காச்சினதுன்னு கேட்டேன். மைதாதான் அத்தை, வேற எதுல காச்சுவாங்கங்கறான். செவுத்துல டாக்டரு சீட்டை நான் எதுல ஒட்டினேன்னு நெனச்சுப் பாத்தேன். அதுவும் அவன் குடுத்த பசைதான். அது உரிஞ்சு உரிஞ்சு வரும், கொழந்தை அதைப் பிச்சு வாயில வெச்சுக்கிட்டு நிக்கும், சீட்டைக் கிழிக்காதேன்னு நான் அதட்டுவேன்.

அதனால மேல சூடம் அணைச்சுச் சொல்றேன்னு எழுதினதை அடிச்சுப்போடுங்க. கொழந்தையை அனுப்பி உடாதீங்க. பொங்கலுக்கும் வேண்டாம், எனக்கே எங்கிட்ட நம்பிக்கை வர்ற வரைக்கும் வேண்டாம். அது அங்க தேறுது, அங்கயே இருக்கட்டும். நான் வாரேன். வியாழக்கெழமை காலையில மொத பஸ்ஸுக்கு ஏறறேன், செங்கோட்டையனும் கூட வாரான். கையில பண்டம் ஒண்ணும் கொண்டாற மாட்டேன், வெறுங்கையோட வர்றது எனக்கு இதுதான் மொதத் தரம். நீங்க வெக்கற அந்த ரசத்தையே ஊத்துங்க, குடிக்கறேன். உங்க சமையக்கட்டுல நான் எதையும் தொட மாட்டேன்.

இன்னும் ஒண்ணு. அந்தப் பாக்கெட்டு யாருதுன்னு கேக்கலைன்னு எழுதினேன். தெரிஞ்சு போனதுனாலதான் கேக்கலை. மூணு வாரமா அந்த நாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். நாம பொம்பளைங்க ஆத்துக்கு மஞ்சள் நூல் சுத்தப் போனப்ப வண்டி மறைவுல ஒருத்தர் உக்காந்து வாயை அசைச்சுக்கிட்டு இருந்தாரு. எலையில நான் சக்கரைப் பொங்கல் வெச்சப்ப, எனக்குச் சக்கரை வியாதிங்க, டாக்டரு தொடக் கூடாதுன்னுட்டாருன்னு கையை மறிச்சவரும் அவருதான். அவரு தோள் துண்டுல எறும்பு ஏறினதை நான் பாத்தேன், அப்ப எனக்குத் தோணலை. நீங்க வாயைத் தொறந்திருந்தா ஒரு பேச்சுல தப்பிச்சிருக்கலாம். ஊட்டுக்காரர் திருடித் திங்கறாருன்னு ஆயிரம் பேருக்கு முன்னால சொல்லாம, திட்டு அத்தனையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க. அவரு ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுன்னு பாத்துக்கிட்டு நின்னாரு.

நீங்க என்னை மன்னிச்சீங்கன்னா நானும் என்னைக் கொஞ்ச நாள்ல மன்னிச்சுக்குவேன், எனக்கு அது வரும். ஆத்தாயி சிரிச்சதை மன்னிச்சாச்சு, அப்புசாமி சிரிச்சதையும் இன்னிக்கிப் பசையோட சேத்தி மன்னிச்சாச்சு. வியாழக்கெழமை உங்க ஊட்டுக்கு வந்து ஒருத்தர் கையால மட்டும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன். ஆம்பளைச் சம்பந்தி பேரை வாயால சொல்லக் கூடாதுங்கறது நம்ம பழக்கம். இது வாய் அல்ல, காயிதம்.

அவரு பேரு வெங்கடாசலம்.